வீட்டிலும் கொட்டகைகளிலும் எலி புகாமற் காத்தல்

பாடுபட்டு விளைவித்த நெல் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தவுடன் குடியானவரின் கவலை தீர்ந்துவிட்டதென்று எண்ணுதல் தவறு. வயலிற் பூச்சிக்கும் களத்தில் மழைக்கும் தப்பிய தானியம் வீட்டில் எலிக்கு இரையாகின்றது. வயலில் நேரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அதற்குப் பரிகாரம் தேடுகிறோம். வீட்டில் நேரும் நஷ்டமோ இரவில், சிறிது சிறிதாக, எந்தக் கணக்கிலும் ஏறாமல் நடந்துவருவதால் அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. எலித்தொல்லை பொறுக்க முடியாமற் போகும்போது மாத்திரம் கடைக்குச் சென்று ஒரு பொட்டலம் மருந்து வாங்கி வைப்பதும், நாலைந்து எலிகள் இறந்தவுடன் திருப்தியடைவதும், சில மாதங்களுக்குள் முன்போலவே எலிகள் பெருகியிருக்கக் கண்டு வருந்துவதும் நமது ஊர்களில் வழக்கமாயிருக்கின்றன.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் எத்தனை எலிகள் வாழக்கூடும் என்பதை அவ்விடத்திலுள்ள இரையும் மறைவிடமுமே நிர்ணயிக்கின்றன. இரையும் வளையும் வழியும் இருந்தபடியே இருக்க, எலிகளை மாத்திரம் கொன்றால், காலியான இடத்துக்கு அண்டை வீட்டிலிருந்தும் கொல்லையிலிருந்தும் வேறு எலிகள் குடிவந்துவிடும். தப்பிய சிலவும் விரைவிற் பெருகிவிடும். ஆகையால் எலியைக் கொல்லுதல் இரண்டாவது வேலை. எலி புகும் வழியை அடைத்தலே முதல் வேலை. இக்கட்டுரையில் முதல் வேலையைச் செய்யும் விதத்தை விவரமாகவும், இரண்டாவதைச் சுருக்கமாகவும் கூறுவோம்.

நஷ்டத்தின் அளவு

வளர்ந்த வீட்டெலி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிராம் தானியம் தின்னும். ஒரு வீட்டில் பத்து எலிகள் இருப்பதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 200 கிராமும், வருஷத்துக்கு 73 கிலோவும் ஆகின்றன. அதாவது, ஒரு மூட்டை நெல்லை எலிகளுக்கென்றே விளைவித்துக் கொடுத்தவராகிறோம். தின்பது இவ்வளவு, சிந்துவதும், மூத்திரத்தாலும் புழுக்கையாலும் மயிராலும் கெடுப்பதும் வேறு. ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு 50-க்கு மேற்பட்ட புழுக்கைகளை இடுகின்றது. இது தவிர, கோணிகளையும் துணிமணிகளையும் கடித்தல், மின்சாரக் கம்பியின் மேலுறையைக் கொறித்துத் தீவிபத்துக்கு ஏதுவாதல், அடுத்த போகத்துக்கென வைத்த விதையின் முளையைத் தின்றுவிடுதல் ஆகிய தீங்குகளும் உண்டு. விதைநெல்லின் முளைப்பகுதியைக் கொறித்துவிட்டால், எஞ்சிய மணி பார்வைக்கு நெல்லாகவே தோன்றினும் நாற்றங்காலில் முளைக்காது.

எலி கடிப்பதற்கும் இயற்கையான காரணம் ஒன்றுண்டு. அதன் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும்; ஓயாது கொறித்தே அவற்றைத் தேய்த்துக்கொள்கிறது. ஆகையால் மரம், பிளாஸ்டிக், மண்சுவர், பழுதான சுண்ணாம்புக் காரை ஆகியவை அதற்குத் தடையாகா என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வகைகளும் பழக்கங்களும்

நம் வீடுகளில் தொல்லை தருபவை முக்கியமாக மூன்று வகையின. முதலாவது சுண்டெலி. இது உருவிற் சிறியது. தானியத்திலுள்ள ஈரமே போதுமாதலால், தண்ணீர் குடியாமலே பத்தாயத்துக்குள் நெடுநாள் வாழவல்லது. மூன்று வாரக் கர்ப்பத்தில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் தாமும் குட்டியிடும் பருவத்தை அடையும். இரண்டாவது வீட்டெலி அல்லது கூரையெலி. இது உடலினும் நீண்ட வால் உடையது. சுவர், கொடி, மரக்கிளை, கம்பி ஆகியவற்றின் வழியே ஏறுவதில் மிக வல்லது. பெரும்பாலும் பரணிலும் ஓட்டின் அடியிலும் வாழும். மூன்றாவது பெருச்சாளியும் அதன் இனமாகிய அகழெலியும். இவை தரையைத் தோண்டுபவை. அஸ்திவாரத்தின் ஓரத்திலும், சாக்கடையிலும், மாட்டுக்கொட்டகையின் மண்தரையிலும் வளை தோண்டும். அகழெலி தன் வளைக்குள் நெற்கதிர்களைச் சேமித்து வைப்பதும் உண்டு.

நீண்டு கூர்மையான மூக்குடன், கீச்சென்று சப்தமிட்டுக்கொண்டு சுவரோரமாய் ஓடும் மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. அது கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்பது. அதனைக் கண்டு எலியென மயங்கவேண்டுவதில்லை.

எலியிருப்பதை அறியும் விதம்

எலியைப் பகலிற் கண்ணாற் கண்டால் அதன் தொகை மிகுந்துவிட்டதென்று கொள்ளலாம். அதற்கு முன்னரே அடையாளங்களைக் கொண்டு அறிதல் நலம். சுண்டெலியின் புழுக்கை சீரகத்தின் அளவினது. வீட்டெலியினது அரை அங்குல நீளம். பெருச்சாளியினது அதனினும் பெரியது. எலிகள் நாள்தோறும் ஒரே தடத்தில், சுவரை ஒட்டியே செல்லுமாதலால், அத்தடத்திலும் உத்தரம், கைமரம் ஆகியவை சேருமிடங்களிலும் எண்ணெய்ப்பசையுள்ள கருங்கறை படிந்திருக்கும். ஐயமுள்ள இடத்தில் மாலையில் மெல்லிதாகச் சாம்பலைத் தூவி, காலையிற் பார்த்தால் காலடியும் வாலின் கோடும் தெரியும். தரையிலுள்ள வளைகளையெல்லாம் மாலையில் ஈரமண்ணால் அடைத்துவிட்டு, மறுநாட் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவையே எலி குடியிருக்கும் வளைகள் எனத் தெளியலாம். வளைக்குள் கையை விடுதல் ஒருபோதும் கூடாது. எலியைத் தேடிப் பாம்பும் அங்கே வரும்.

வழிகளை அடைத்தல்

கால் அங்குல இடைவெளி சுண்டெலிக்குப் போதும். அரை அங்குலம் வீட்டெலிக்குப் போதும். எழுதும் பென்சில் நுழையுமாயின் சுண்டெலியும் நுழையும் என்று வைத்துக்கொண்டு பரீட்சித்தல் எளிய வழியாகும். பகலில் கதவு ஜன்னல்களைச் சாத்தி, உள்ளே இருட்டாக்கி நின்று பார்த்தால், வெளிச்சம் வரும் இடமெல்லாம் எலி வரும் இடமென அறியலாம். வீட்டை வலமாக ஒரு சுற்றும், உள்ளே ஒரு சுற்றும் வந்து, கண்ட துவாரங்களை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு, பின்வருமாறு அடைத்தல் வேண்டும்.

1. கதவின் அடி. நமது வீடுகளில் எலி பெரும்பாலும் கொல்லைக் கதவின் கீழேயே வருகின்றது. வாயிற்படிக்கும் கதவுக்கும் இடையே கால் அங்குலத்துக்குக் குறைவாகவே சந்து இருக்கலாம். கதவின் அடியில் ஓர் அடி உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டால் கொறிக்க இயலாது. நிலையின் இரு கீழ்மூலைகளுக்கும் இது பொருந்தும்.

2. சுவரும் அஸ்திவாரமும். துவாரத்தை வெறும் மண்ணால் அடைப்பது ஓரிரவு வேலையாகவே முடியும். சிமெண்டுக் கலவையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளையோ கூரிய சல்லியையோ சேர்த்து உள்ளே ஆழமாகத் திணித்துப் பூசுதல் வேண்டும். பெருச்சாளி தோண்டும் இடமாயின், சுவரையொட்டி இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட்டுச் சுவர் ஒன்றை இறக்கி, அதன் அடியில் வெளிப்புறமாக ஓரடி நீட்டிவிட்டால், தோண்டிவரும் எலி அவ்விடத்தில் தடைப்பட்டுத் திரும்பிவிடும்.

3. அங்கணமும் சாக்கடையும். சமையலறை, குளிக்கும் அறை, முற்றம் ஆகியவற்றின் நீர் வெளியேறும் துவாரங்கள் அனைத்துக்கும் இரும்புச் சல்லடை பொருத்துதல் வேண்டும். குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்துவரும் இடங்களைச் சுற்றிலும் சிமெண்டு பூசுதல் வேண்டும்.

4. ஜன்னலும் காற்றுத்துளையும். காற்றை அடைத்துவிடுதல் தானியத்துக்கும் மனிதருக்கும் கெடுதி. ஆகையால் கால் அங்குலக் கண்ணுள்ள கனத்த இரும்புக் கம்பிவலையை அடித்தல் வேண்டும். கோழிக்கூண்டுக்கு இடும் அகன்ற கண்வலையில் சுண்டெலி எளிதில் நுழையும். நைலான் கொசுவலையை எலி அறுத்துவிடும்.

5. ஏறும் வழிகள். கூரைமேற் சாய்ந்துள்ள முருங்கை, மா, தென்னை ஆகியவற்றின் கிளையையும் மட்டையையும் கூரையிலிருந்து ஆறடி தள்ளியிருக்குமாறு கழித்தல் வேண்டும். சுவரிற் சாய்த்துவைத்த ஏணி, மூங்கில், ஏர்க்கால் முதலியவை எலிக்குப் படிக்கட்டாகும்.

கூரையும் மூங்கிலும்

கூரையைப்பற்றித் தனியே கூறுதல் அவசியம். ஜாவாத்தீவில் மாலாங் பிரதேசத்தில் 1911ஆம் வருஷத்தில் பிளேக் நோய் பரவியபோது, அங்கே ஆராய்ந்தவர்கள், வீட்டெலிகள் கூரைக்கு இட்ட மூங்கில்களின் உட்டுளையிலேயே கூடுகட்டிக் குட்டியிட்டிருக்கக் கண்டனர். குடியிருப்போரின் தலைக்கு மேலேயே எலியும், எலியின் தெள்ளும் வாழ்ந்துவந்தன. எலியைக் கொன்று தீராதென்று கண்ட அந்நாட்டு டச்சு அரசாங்கத்தார், திறந்த மூங்கிலை நீக்கி மரச்சட்டம் இடுதல், ஓடு வேய்தல் என வீடுகளையே திருத்தியமைக்கும் வேலையை மேற்கொண்டு, பின்வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளைத் திருத்தினர்.

நம் கொட்டகைகளிலும் கூரை வீடுகளிலும் மூங்கிலே மிகுதி. மூங்கிலை முற்றிலும் நீக்குவது எல்லார்க்கும் இயலாது. ஆயினும், கணுவை ஒட்டி அறுத்து இடுதலும், திறந்த முனைகளைச் சிமெண்டினால் அடைத்தலும் செலவில்லாத வேலைகளே. நாட்டு ஓடுகள் பல அடுக்காக இருப்பதால் அவற்றினிடையே எலிக்கு இடம் மிகுதி. ஓடு மாற்றும்போது பழைய கூடுகளை அகற்றுதல் வேண்டும். சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவேயுள்ள சந்தைச் செங்கல்லும் காரையும் கொண்டு கட்டிவிடுதல் வேண்டும். பரணிற் பழைய கோணி, உடைந்த கூடை, காகிதக் கட்டு ஆகியவற்றைச் சேர்த்துவைத்தால், எலிக்குப் படுக்கை விரித்துக் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

தானியம் வைக்கும் இடம்

வீட்டை முற்றிலும் அடைக்க இயலாதவரும் தானியத்தை அடைத்துக் காக்கலாம். மூட்டைகளைத் தரையில் இடாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விடுதல் வேண்டும். ஒருவர் உள்ளே சென்று நான்கு புறமும் பார்க்கக்கூடுமாயின் அங்கே எலி தங்கத் துணியாது. மரப் பத்தாயத்தின் அடிப்பலகையையும் மூலைகளையும் தகரத்தால் மூடுதல் வேண்டும். மண்குதிரைக் கற்களின்மேல் நிறுத்தி, அடியிலுள்ள வாயை இறுக மூடுதல் வேண்டும்.

புதிதாக அமைப்போருக்கு இரண்டு முறைகள் உள. ஒன்று, மூடியும் பூட்டும் உள்ள தகரக் குதிர்; இதில் எலி பல் வைக்க இயலாது. நெல்லை நன்றாக உலர்த்திய பின்னரே இதில் இடுதல் வேண்டும். ஈரத்தோடு இட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். மற்றொன்று, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் அமைத்த பூசாக் குதிர். இது இரு மண்சுவர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்துக் கட்டப்படுவது. வெளிச்சுவரின் அடியில் 45 சென்டிமீட்டர் உயரம் வரை சுட்ட செங்கல்லால் கட்டுவதன் நோக்கம் எலியைத் தடுப்பதேயாம்.

கால்களின்மேல் நிற்கும் களஞ்சியமாயின், கால் ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கவிழ்த்த புனல் போன்ற தகரத் தடுப்பைப் பொருத்துதல் வேண்டும். எலி இரண்டரை அடி வரை எம்பக்கூடுமாதலால் இதனினும் தாழ்வாக வைப்பது பயனற்றது. களஞ்சியத்தின்மேல் ஏணியை இரவில் விட்டுவைப்பின் இச்செலவு முழுதும் வீணாகும்.

கொட்டகைகள்

வீட்டைச் சீர்செய்துவிட்டுக் கொட்டகையைக் கவனியாமல் விடுவோர் பலர். எலிக்கு அதுவே தாய்வீடு. மாட்டுக்கொட்டகையில் தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றை மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தலும், மாடு தின்று மிஞ்சிய தீனியை மாலையிலேயே தொட்டியிலிருந்து எடுத்துவிடுதலும் வேண்டும். மண்தரையை இடித்துக் கெட்டித்துக் கல்லோ சிமெண்டோ பரப்பினால் பெருச்சாளி வளை தோண்டாது. கோழிக்கூண்டைத் தரையினின்றும் உயர்த்திக் கால் அங்குலக் கம்பிவலை அடிக்காவிடில், முட்டையும் குஞ்சும் இரவிற் போய்விடும். வைக்கோற்போரை வீட்டுச் சுவரையொட்டி வைக்காமல், எட்டிய இடத்தில், கல் அல்லது மரப் பரணின்மேல் போடுதல் நன்று. விறகைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளியும் தரையிலிருந்து ஓரடி உயர்த்தியும் அடுக்குதல் வேண்டும். பம்புசெட் அறையிலும் டிராக்டர் நிற்கும் கொட்டகையிலும் கம்பிகளை இரும்புக் குழாயினுள் செலுத்துதலும், வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தலும் பெரிய பழுதைத் தவிர்க்கும். பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்தல் அவசியம்.

உள்ளே இருப்பவற்றை அகற்றுதல்

வழிகளை அடைக்கும் வேலையோடு உள்ளே தங்கிவிட்ட எலிகளைப் பிடிக்கும் வேலையும் சேர்ந்தே நடத்தல் வேண்டும். இல்லையேல் அடைபட்டவை புதிய வழி தேடிக் கொறிக்கும். வீட்டினுள் பொறியே சிறந்தது. ஒரு பொறியைப் பத்து நாள் வைப்பதினும், பத்துப் பொறிகளை ஒரே இரவில் வைப்பது பயன் தரும். வீட்டெலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும் சுபாவமுடையது. ஆகையால் இரண்டு மூன்று நாள் பொறியை விசையேற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கி, பின்பு விசையேற்றுதல் வேண்டும். சுட்ட தேங்காய்த்துண்டு, கருவாடு, வடை ஆகியவை தக்க இரைகள். பொறியைச் சுவரோரத் தடத்தில், இரையுள்ள பக்கம் சுவரைத் தொடுமாறு வைத்தல் வேண்டும்.

விஷமருந்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை. துத்தநாக பாஸ்பைடு எனப்படும் கருநிறத் தூள் வயிற்றிற் சென்றால் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழித்துப் பலரைக் கொன்றிருக்கிறது. தானியத்துக்குப் புகையூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருக்கும் வீட்டில் வைத்தல் உயிருக்கு உலைவைப்பதாகும். சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், வீட்டினுள் வைத்த எலிமருந்தின் நச்சினால் இரு குழந்தைகள் மாண்டனர். எலி தின்னும் நெல்லுக்கு ஈடு உண்டு. குழந்தையின் உயிருக்கு ஈடில்லை. ஆகையால் குழந்தைகளும் கால்நடைகளும் புழங்கும் இடத்தில் விஷத்தைத் தவிர்த்து, வயலுக்கு வேண்டுமாயின் வேளாண்மை விரிவாக்க அலுவலரைக் கேட்டு, அவர் கூறும் அளவிலும் முறையிலும் மாத்திரம் உபயோகித்தல் வேண்டும்.

பூனை சுண்டெலியை ஓரளவு அடக்கும். ஆனால் அடைபடாத வீட்டை எந்தப் பூனையும் காத்துவிடாது. கூகையை அபசகுனமென்று கல்லெறிந்து துரத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அது இரவெல்லாம் எலியைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும் பறவை. களத்துமேட்டில் அதனை வாழவிடுதல் நமக்கே நன்மை.

சுகாதாரம்

பம்பாயில் 1896ஆம் வருஷம் தோன்றிய பிளேக் நோய் இந்நாட்டில் எண்ணற்ற உயிர்களைக் கொண்டது. எலியின் தெள்ளே அதனைப் பரப்புகிறதென்று 1898இல் கராச்சியில் ஆராய்ந்த போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டார். எலி இறந்து உடல் குளிர்ந்தவுடன் தெள்ளுகள் வேறு உடலை நாடும். இதனாலேயே செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. அந்நோய் இப்போது அரிதாயினும், 1994இல் சூரத்தில் தோன்றிப் பெரும் பீதியை விளைத்தது. காரணமின்றிப் பல எலிகள் ஒருங்கே செத்து விழுமாயின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே அறிவித்தல் கடமையாகும்.

நமக்கு அடிக்கடி நேர்வது எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரத்திலுள்ள கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் தங்கியிருந்து, கால் வெடிப்பு, கீறல் வழியே உடலிற் புகுகின்றது. வயலிலும் தொழுவத்திலும் வெறுங்காலோடு நின்றவருக்குக் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். ஆரம்பத்தில் இது எளிதிற் குணமாகும். புழுக்கை கிடக்கும் இடத்தை உலர்ந்தபடியே பெருக்கித் தூசி கிளப்பாமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து நனைத்து, கையுறையோடு துடைத்தெடுத்தல் வேண்டும்.

ஊரார் செய்யவேண்டியவை

ஒரு வீட்டார் அடைத்தால் அவ்வீட்டு எலி அடுத்த வீட்டுக்குப் போகும். தெருவே அடைத்தால் ஊருக்கு வெளியே போகும். ஆகையால் இது ஊர்கூடிச் செய்யும் காரியம். ஊராட்சித் தலைவர்களும் கிராம நிருவாக அலுவலர்களும், குப்பைமேட்டைக் குடியிருப்பிலிருந்து விலக்குதல், பொதுச் சாக்கடையின் உடைந்த கட்டுகளைச் சீர்செய்து சல்லடை இடுதல், பள்ளியின் சத்துணவுக் கூடத்தையும் நியாயவிலைக் கடையையும் முதலில் அடைத்துக் காட்டுதல் ஆகியவற்றை மேற்கொள்ளலாம். அரசாங்கக் கட்டடத்திற் செய்துகாட்டியதை ஜனங்கள் தம் வீட்டிலும் செய்வர்.

காலமறிந்து செய்தல்

வருஷத்தில் இரண்டு முறை வீட்டைச் சுற்றிப் பார்த்தல் போதுமானது. முதலாவது புரட்டாசியில். ஐப்பசி மழையில் வயல்வரப்பிலும் கொல்லையிலுமுள்ள வளைகள் நீரில் மூழ்க, எலிகள் மேட்டைத் தேடி வீட்டுக்கு வரும். இரண்டாவது மார்கழியில். சம்பா அறுவடையானவுடன் வயலில் இரையும் மறைவும் அற்றுப்போக, எலிகள் கதிரின் பின்னாலேயே களத்துக்கும் வீட்டுக்கும் வரும். போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் வழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது. அன்று பரணை ஒழித்துச் சுவரைப் பூசும்போது, வெள்ளையடிக்குமுன் துவாரங்களையும் அடைத்துவிட்டால், தனியே ஒரு நாளைச் செலவிடவும் வேண்டுவதில்லை.

இதற்கு வேண்டும் சாமான்கள் சிறிது சிமெண்டு, சில அடி கம்பிவலை, ஒரு துண்டுத் தகரம், கொஞ்சம் உடைந்த கண்ணாடி, இவ்வளவே. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு முறை. எலிக்குக் கொடுக்கும் மூட்டை நெல்லோ வருஷந்தோறும். தை மாதத்துப் புதுநெல் வீடுவருமுன் குடியானவர் ஒவ்வொருவரும் தம் கொல்லைக் கதவின் அடியைக் குனிந்து ஒருமுறை பார்ப்பாராக. அங்கே வெளிச்சம் தெரியுமாயின், வேலையை அவ்விடத்திலேயே தொடங்கலாம்.